டாங்க்கில் ஊற்றிய சந்தனம்

பழைய கார் வைத்திருப்பவர்களை எனக்கு ஒருகாலத்திலும் பிடித்ததில்லை. இருபது வருஷம் அவர்களை வைத்துத்தான் சோறு சாப்பிட்டேன், ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வண்டி நின்றுவிட்டால் சாதாரண மனிதன் வண்டி நின்றுவிட்டது என்பான். பழைய கார்காரர் அப்படிச் சொல்லமாட்டார். அது முதலில் எந்த டாக்டர் வீட்டில் இருந்தது, எந்த வெள்ளைக்காரன் அதில் ஊட்டிக்குப் போனான், சீட்டுத் தோல் எந்தச் சீமை மாட்டினுடையது என்று கால்மணி நேரம் சொல்வார். நான் கையில் ஸ்பேனரோடு நின்றிருப்பேன். கடைசியில், போகிற போக்கில், ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது என்பார்.

எழுபதுகளில் திருத்தணியில் அரக்கோணம் சாலையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, நான்கு கம்பம், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, அவ்வளவுதான். எதிரில் டீக்கடை. அதை ஒட்டி டாக்சி ஸ்டாண்டு. கோயில் மலைக்கு வருகிறவர்களை ஏற்றுவதற்காக ஐந்தாறு வண்டிகள் அங்கே நிற்கும். டிரைவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பை மென்றுகொண்டிருப்பார்கள். அந்தப் பெஞ்சில் ஒரு சொல் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஆர்.கே. பேட்டை வரை போய்விடும்.

மெட்ராஸ் புதுப்பேட்டையில் ஆறு வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் சைக்கிள் கடையிலிருந்து மேலே ஏறியவர்கள். இதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. இஞ்சினைத் திறக்காமல் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார், பெட்ரோலை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

அம்மையார்குப்பத்து முதலாளி ஒருவர் என் வாடிக்கை. சொந்தமாகப் பவர்லூம் கொட்டகை வைத்திருந்தார். கறுப்பு மோரிஸ் மைனர் ஒன்றை மெட்ராஸில் யாரோ ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வாங்கி வந்தார். அந்தக் காரை அவர் ஓட்டியதே இல்லை, ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவார். ஹாரனை மட்டும் அடிக்கடி அடிக்கச் சொல்வார். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஹாரன் ஒன்றுதான்.

ஓட்டியது ஒரு டிரைவர். கனகம்மாசத்திரம் பக்கத்துக்காரர். லாரியில் பல வருஷம் கிளீனராக இருந்து, வண்டி கழுவி, டயர் மாற்றி, அடி உதை வாங்கி, நாற்பது வயதில்தான் லைசென்ஸ் எடுத்தார். மோரிஸ்தான் அவர் கைக்கு வந்த முதல் ஸ்டியரிங். சொந்தக் காணி கிடையாது, தறி கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் இவரிடம் சாவி கொடுக்கலாம் என்று நாலு பேர் நம்பிய நம்பிக்கைதான். டிரைவர் தொழிலில் அது போனால் எல்லாம் போயிற்று. அவருக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். ஆனாலும் அன்றைக்கெல்லாம் நான் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். எழுதும்போதாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

ஆனி மாதம் ஒரு காலையில் அந்த மோரிஸை மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். ஊருக்கு ஒரு மைல் முன்னால் நின்றுவிட்டதாம். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். முதலாளி இறங்கி நடந்துவரவில்லை. வழக்கம்போலப் பின்சீட்டில் கைகளை விரித்து உட்கார்ந்திருந்தார். அந்த மாடுகளுக்கு அவர் எடையும் சேர்ந்துகொண்டது.

"இன்னா மேஸ்திரி, வண்டி அஞ்சு மைலு ஓடுது, நின்னுடுது. பத்து நிமிஷம் சும்மா வுட்டா மறுபடியும் ஓடுது. மனுஷன் மாதிரி மூச்சு வாங்குது" என்றார் முதலாளி.

"எத்தினி நாளா இப்டி?"

"பத்து நாளா. அதுக்கு முன்ன ஒரு தபா கனகம்மாசத்திரத்தாண்ட உச்சி வெயில்ல நின்னுச்சி. அது வேற."

அது வேறுதான். உச்சி வெயிலில் குழாயில் பெட்ரோல் ஆவியாகி நின்றிருக்கும். டிரைவர் தன் துண்டை நனைத்து பெட்ரோல் பம்பின்மேல் போட்டிருக்கிறார். சூடு தணிந்ததும் வண்டி கிளம்பியிருக்கிறது. சரியான வைத்தியம். அதை அவர் சொன்னபோது நான் பாராட்டவில்லை. டிரைவர்களைப் பாராட்டுவது என் வழக்கம் இல்லை.

அன்று நான் செய்ததெல்லாம் மெட்ராஸ் முறைப்படிதான். ப்ளக்கைக் கழற்றினேன், சுத்தம் செய்தேன். பாயின்ட்டை உரசினேன். காயிலைச் சோதித்தேன். கண்டென்சர் சூட்டில் மக்கர் செய்யும், ஆறினால் வேலை செய்யும். அது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த பாடம். ஆகவே கண்டென்சரை மாற்றினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஆகாமல் என்ன செய்யும், ஒரு மணி நேரம் சும்மா நின்றிருந்ததே. நான் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு புன்னகையோடு, "எடுத்துக்கினு போங்க" என்றேன்.

மறுநாள் அதே மாட்டு வண்டி, அதே மாடுகள்.

டிரைவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மேஸ்திரி, இஸ்துகினு ஓடும்போது எதோ வந்து அடைக்குது. நின்னா அது கீழ எறங்கிடுது. ஒரு தபா டாங்க எறக்கிப் பாத்துடலாங்களா?"

இப்போது யோசித்தால், அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருந்தது. இஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச டாங்க்கின் அடியில் இருக்கும் மண்டி கிளம்பி வந்து குழாய் வாயை மூடும். உறிஞ்சுவது நின்றால் மண்டி கீழே உட்காரும், வழி திறக்கும். ஐந்து மைல், பத்து நிமிஷம், மறுபடி ஐந்து மைல். புதுப்பேட்டையில் இதை எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் என்ன சொன்னேன்? "அப்ப ஒண்ணு பண்ணு. நீ ஸ்பேனர புடி, நான் போய் ஸ்டியரிங்க புடிக்கிறேன்" என்றேன். டீக்கடை பெஞ்சில் சிரித்தார்கள். அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டாங்க்கை இறக்குவது அழுக்குப் பிடித்த வேலை. படுத்துக்கொண்டு துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். மெட்ராஸ் மேஸ்திரி அதை எதற்குச் செய்வார்? நான் மேலே இருந்த சாமான்களைத்தான் திறந்தேன். பம்ப் டிக்டிக் என்று அடிக்கவேண்டியது, தயங்கித் தயங்கி அடித்தது. அதன் அடியில் இருந்த சல்லடையில் வெளுத்த சேறு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்கும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றினேன். அதன் அடியிலும் அதே சேறு, கூடவே இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் குண்டு குண்டாக உருண்டுகொண்டிருந்தது.

இங்கே நிறுத்தி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பட்டறையில் சாமான்களைக் கழுவ ஒரு தகரத் தட்டில் கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய், ஊற்றி வைத்திருப்பேன். காலையிலிருந்து அதில்தான் ப்ளக்கும் சல்லடையும் கழுவினேன். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை அதில் ஊறியிருந்தன.

கிண்ணத்தில் இருந்ததை விரல் நுனியில் தொட்டு உரசினேன். பெட்ரோல் என்றால் வாயால் ஊதுமுன் காய்ந்துவிடும். இது காயவில்லை. வழவழவென்று விரலில் நின்றது. மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். எதிர் பெஞ்சில் பேச்சு நின்றது. எனக்கு அந்த நிசப்தம் ரொம்பப் பிடிக்கும்.

சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே, டீக்கடையில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்துக் கத்தினேன். "மொதலாளி, உங்க வண்டி நல்லாத்தான் கீது. அது குடிக்கிறதுதான் சரியில்ல. உங்க டிரைவரு பெட்ரோல வித்துட்டு ரேஷன் கிருஷ்ணாயில ஊத்திகினு கீறாரு. டின்னு அடியில கெடந்த மண்டியும் சேந்து வந்துக்கிது, பாருங்க!"

பெஞ்சே அதிர்ந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோலை விற்றுவிட்டுக் கிருஷ்ணாயில் கலக்கும் டிரைவர்கள் உண்டு. அந்தப் பெஞ்சிலேயே இரண்டு பேர் உண்டு என்பது எனக்குத் தெரியும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அந்த இரண்டு பேர்தான்.

டிரைவர் கையில் துடைக்கிற துணியோடு நின்றிருந்தார். "மேஸ்திரி, என் கொழந்தைங்க மேல ஆணையா நான் அத தொட்டதில்லீங்க" என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "மொதலாளி, நீங்களே சொல்லுங்க, ஒரு சொட்டு நான் வித்திருப்பேனா?" என்றார்.

முதலாளி டீயைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். "மெட்ராஸ்ல படிச்சிட்டு வந்தவரு மோந்து பாத்து சொல்றாரு. அவரு பொய் சொல்றாரா? சாவிய குடு" என்றார்.

டிரைவர் சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. பானெட்டின்மேல் வைத்துவிட்டு, துணியை மடித்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கார்பரேட்டரைக் கழுவினேன், பம்ப் சல்லடையைக் கழுவினேன், குழாயை ஊதினேன், புதுப் பெட்ரோல் ஊற்றச் சொன்னேன். வண்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. கழுவியதால் ஓடியது. ஆனால் திருடனைத் துரத்தியதால் ஓடுகிறது என்று முதலாளி ஊர் முழுக்கச் சொன்னார், நானும் மறுக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் மூன்று பேர் தங்கள் வண்டிப் பெட்ரோலை மோந்து பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். நானும் முகத்தைச் சுளித்து மோந்தேன்.

புது டிரைவராக முதலாளியின் மச்சான், மனைவியின் தம்பி, வந்து உட்கார்ந்தான். சினிமாக்காரன் போலத் தலைமுடி வளர்த்திருந்தான். கியர் மாற்றும்போது அந்த முடியைக் கோதிக்கொள்வான், கியர்பெட்டி அழும். எட்டாம் நாள் அவனே வண்டியை மாட்டு வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான்.

"மேஸ்திரி, மறுபடியும் அதே கதைதான். அஞ்சு மைலு, நின்னுடுது. பாவா ரொம்ப திட்டறாரு" என்றான். அக்கா புருஷனை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

இந்த முறை குற்றம் சொல்ல டிரைவர் இல்லை. பெட்ரோலை முதலாளியே பக்கத்தில் நின்று ஊற்ற வைத்திருக்கிறார். குழிக்குள் இறங்கி, டாங்க்கின் அடி நட்டைத் திருகினேன். நட்டு வந்துவிட்டது, பெட்ரோல் வரவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். பால்கோவா பதத்தில் வெளிர்மஞ்சளாக ஒன்று நெளிந்து வந்தது, அதற்குப் பின்னால் தண்ணீர், அப்புறம்தான் பெட்ரோல். என் முகமெல்லாம் தெறித்தது. கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தேன். மேலே பெட்ரோல், நடுவில் தண்ணீர், அடியில் இரண்டு விரற்கடை மண்டி. இது எந்தக் கிருஷ்ணாயில் டின்னிலும் இருக்கிற மண்டி இல்லை.

அதை ஒரு தகரத்தில் வழித்து வெயிலில் வைத்தேன். பெட்ரோல் பறந்து போனது. தண்ணீர் காய்ந்தது. அரைமணி நேரம் கழித்து என் பட்டறையில், அந்தக் கிரீஸுக்கும் டயருக்கும் நடுவில், கோயில் வாசனை வந்தது.

மச்சான் தகரத்தின்மேல் குனிந்து மோந்து பார்த்தான். கொஞ்சமும் வெட்கப்படாமல், "ஆங், இது பாவா ஊத்துனது. மலைச் சந்தனம்" என்றான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் மலையில் சாமிக்குச் சாத்தி எடுத்த சந்தனத்தை நெற்றியில் வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது வழக்கம். அது மருந்து. வயிற்றுவலி, ஜுரம், பிள்ளை அழுகை, எதற்கும் அதில் ஒரு துளி. நானும் குடித்து வளர்ந்தவன்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மோரிஸ் மைனருக்கு அதைப் புகட்டலாம் என்று கண்டுபிடிக்க அம்மையார்குப்பத்து முதலாளியால்தான் முடியும்.

மறுநாள் அவரே வந்தார். நான் ஜாடியைக் காட்டினேன். அவர் பெருமையோடுதான் பார்த்தார்.

"நான்தான் ஊத்துனேன். கனகம்மாசத்திரத்தாண்ட வண்டி நின்னப்ப அவன் ஈரத்துணிய எடுத்து எஞ்சினு மேல போட்டான் பாரு, அப்பவே எனக்கு புரிஞ்சிபோச்சி. ஜொரம் வந்த மனுஷனுக்குத்தான அப்டி போடுவாங்க? மறுநாளே மலைக்கிப் போயி சந்தனம் வாங்கியாந்து, ஒரு சொம்பு தீர்த்தத்துல கரைச்சி, காலைல குளிச்சிட்டு நானே என் கையால வார்த்தேன்."

"டாங்க்லயா?"

"வேற எங்க ஊத்துவாங்க? வயிறு அதுதான?"

ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால்கூடத் தண்ணீரோடு தண்ணீராகப் போயிருக்கும். இல்லை, வயிறு எங்கே இருக்கிறது என்று யோசித்துக் கண்டுபிடித்து, மூடியைத் திருகி, ஒரு சொம்பு வார்த்திருக்கிறார். ஒரு தடவை இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் மூன்று வாரம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு அது பக்தியில் செய்ததாகப் பட்டிருக்கவேண்டும்.

"அப்ப உங்க வண்டிய நிறுத்துனது இந்த சந்தனந்தாங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னா பேசற மேஸ்திரி? சாமி சந்தனம் எங்கனா கெடுதி பண்ணுமா? அந்த திருட்டுப்பய கிருஷ்ணாயில ஊத்தி மருந்த கெடுத்துட்டான். இல்லன்னா அன்னிக்கே வண்டி சொகமாயிருக்கும். நீதான மோந்து பாத்து சொன்ன?"

நான்தான் மோந்து பார்த்துச் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் பட்டறையை மூடும்போது சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு, விரலை மூக்கில் வைத்துப் பார்த்திருந்தேன். கிருஷ்ணாயில் நாற்றம். என் மனைவி என்னைச் சோற்றுப் பானையைத் தொட விடாததற்குக் காரணமே அந்த நாற்றம்தான்; வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றைக்குக் கார்பரேட்டர் கிண்ணத்தில் நான் கண்டுபிடித்த கிருஷ்ணாயில் என் கையில் இருந்தது. வழவழப்பு சந்தனத்தினுடையது, நாற்றம் என்னுடையது. ஒரு சொட்டுகூட டிரைவருடையது இல்லை.

இதை அந்த நிமிஷமே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். 'தப்பு என்னுது, அவரைக் கூப்பிட்டுச் சாவி குடுங்க' என்று இரண்டே சொற்றொடர். நான் சொன்னது இதுதான்: "கிருஷ்ணாயில் இல்லாமலும் இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்லமுடியாது."

"அப்ப அன்னிக்கி நிச்சயமா சொன்னியே?"

நான் ஜாடியைக் கீழே கொட்டப் போவதுபோல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன். இன்றைக்கு அந்த மனிதனை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, முதலாளியைச் சொல்லவில்லை. முட்டாளுக்காவது தான் சொன்னதில் நம்பிக்கை இருந்தது.

டாங்க்கை இறக்கினேன். சோடாக் காரம் போட்டுக் கொதித்த தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியையும் கூழாங்கல்லையும் போட்டு, உருட்டி உருட்டிக் கழுவினேன். ஐந்தாம் தண்ணீர்தான் தெளிவாக வந்தது. வெயிலில் இரண்டு நாள் காயவைத்துப் பொருத்தினேன். அப்புறம் அந்த வண்டி பல வருஷம் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடியது. முதலாளி மலைக்குப் போய்ப் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்து, "பாத்தியா, கடைசியில சந்தனம் வேல செஞ்சிடுச்சி" என்றார். அவருடைய சந்தனத்தை வெளியே எடுக்க நான்கு நாள் குழிக்குள் கிடந்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கனகம்மாசத்திரம் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்று அன்று நினைத்துக்கொண்டேன். திருப்பதிச் சாலையோரம் ஒரு கிணற்றடியில் டிரைவர் லாரி கழுவிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால் செய்த அதே வேலை. திருத்தணி ஸ்டாண்டிலும் திருவள்ளூரிலும் வண்டி கேட்டுப் பார்த்திருக்கிறார். கிருஷ்ணாயில் கேஸா என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். என் கை நாற்றத்தைப் பற்றியும் சொன்னேன். அவரிடம் மட்டும் அதைச் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. அவர் வாளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஊத்தலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "அத இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற?"

அதுவரை என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியவர், முதல் தடவையாக 'நீ' என்றார்.

"டீக்கடையில சொன்ன. அங்கயே போயி சொல்லு. அந்த பெஞ்சில ஒக்காந்துகினு கீறானுங்களே, அவனுங்க காதுல வுழுந்தா போதும். நாலு பேருக்குத் தெரிஞ்சா எவனாவது ஒருத்தன் சாவி குடுப்பான். எனக்கு உன் மன்னிப்பு வாணாம், மேஸ்திரி."

சொல்கிறேன் என்றேன். சத்தியம்கூடப் பண்ணினேன் என்று ஞாபகம். அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. லாரியின் மறுபக்கம் போய்த் தண்ணீர் அடித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த மாதிரி ஆரம்பித்தேன். "அம்மையார்குப்பத்து மோரிஸுக்கு ஜொரம் வந்த கதை தெரியுமா?" என்றேன்.

அவ்வளவுதான், கதை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதலாளி ஈரத்துணியைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். குளித்துவிட்டுச் சொம்போடு வந்து, காரின் பின்பக்கம் பயபக்தியாக நின்று, மூடியைத் திறந்து வார்த்ததை நடித்துக் காட்டினேன். 'வயிறு அதுதான' என்று அவர் குரலிலேயே சொன்னேன். ஒருவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன், இந்தத் தடவை காருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டதையும் சேர்த்துக்கொண்டேன். அப்படி யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. சாலையில் போனவர்கள் நின்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாக எதையும் சொன்னதில்லை.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியபோது ஒரு டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அப்ப அந்த வண்டி ஒரு பக்கம் கிருஷ்ணாயிலு, இன்னொரு பக்கம் சந்தனம், ரெண்டயும் குடிச்சிகினுதான் ஓடிச்சா?"

மறுபடியும் பெஞ்ச் அதிர்ந்தது. கேட்டவன் யார் என்று நினைக்கிறீர்கள்? உண்மையிலேயே கிருஷ்ணாயில் கலக்கிறவன்.

சொல்லவேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. 'கிருஷ்ணாயிலே இல்ல, அது என் கை நாத்தம், அந்த ஆளு ஒரு சொட்டு விக்கல.' நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் பெஞ்சில் இருந்த ஆறு பேரும் முதலாளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். மூக்கால் நோய் கண்டுபிடிக்கும் மெட்ராஸ் மேஸ்திரி தன் கையைத் தானே மோந்து பார்த்த கதை, சந்தனக் கதையைவிட நன்றாக இருக்கும். எனக்கு அது உடனே தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஆர்.கே. பேட்டை போய்விடும். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். டீயைக் குடித்து முடித்தேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று சாலையைக் கடந்தேன். நாளைக்கு ஆடிப் பரணி. அதற்கு அடுத்த நாள் கிருத்திகை. காவடிக் கூட்டமும் நின்றுபோன பஸ்களுமாக மூன்று நாள் மூச்சு விட நேரமில்லை. அதற்கப்புறம் அந்த விஷயத்தை யாரும் பேசவில்லை, பேசாத விஷயத்தை நானாக எதற்கு எடுப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தை மாதம் ஒரு வேலையாகக் கனகம்மாசத்திரம் வழியாகப் போனபோது கிணற்றடியில் வேறு ஒருவர் லாரி கழுவிக்கொண்டிருந்தார். முன்பு இருந்தவர் குடும்பத்தோடு நகரிப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டதாகச் சொன்னார். கடைசி வரை யாரும் அவருக்குச் சாவி கொடுக்கவில்லை.

இப்போது எழுதிவிட்டேன்: அவர் பெட்ரோலை விற்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த டீக்கடை இல்லை, ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பெஞ்சில் இருந்த ஆறு பேரில் ஒருவரும் இல்லை. சந்தனக் கதையை மட்டும் இன்றைக்கும் ஊரில் யாராவது சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் டிரைவர் இன்னும் கிருஷ்ணாயில் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.